வெர்வெட் குரங்கு: கேள்விகளும் டீச்சர் பதில்களும்

வடசென்னை வாசகர் வட்டத்தில் இந்த முறை ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் வெர்வெட் குரங்கை எடுத்துக்கொண்டோம். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

தண்டையார்பேட்டை: அது எப்படி இருக்கும், எங்கே வாழும் டீச்சர்?

கறுத்த முகம், சுற்றிலும் வெள்ளை முடி, சாம்பல் உடம்பு. ஆணின் விதைப்பை பளிச்சென்ற நீலம். எத்தியோப்பியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை உண்டு. புல்வெளிக் குரங்கு என்றாலும் வெட்டவெளியில் தங்காது. தூங்க மரமும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும், அதனால் ஆற்றோர வேல மரங்களை விட்டு அதிகம் விலகாது.

வியாசர்பாடி: குட்டி வாங்கி வளர்க்கலாமா?

கூடாது. ஏன் என்பது அடுத்த பதிலிலேயே இருக்கிறது.

ராயபுரம்: ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒவ்வொரு குரல் கொடுக்குமாமே?

ஆமாம். எனக்கு இந்தக் குரங்கைப் பிடித்துப்போனதே இதனால்தான். கென்யாவின் அம்போசெலியில் ஸ்ட்ருசேக்கர் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து 1967-இல் எழுதினார். சிறுத்தைக்கான குரல் கேட்டால் மரத்தில் ஏறும். கழுகுக்கான குரல் கேட்டால் மேலே பார்க்கும், புதருக்குள் ஓடும். பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று தரையைத் தேடும். கழுகு வரும்போது மரத்தின் நுனியில் இருந்தாலும், சிறுத்தை வரும்போது புதருக்குள் இருந்தாலும் உயிர் போகும். எந்தக் குரல் என்று தெரிவது அவ்வளவு முக்கியம்.

குட்டிகள் தொடக்கத்தில் தடுமாறும். ஆபத்தில்லாத பறவைக்கும், உதிரும் இலைக்கும்கூடக் கழுகுக் குரல் கொடுக்கும். பெரியவை என்ன செய்கின்றன என்று பார்த்துப் பார்த்துத்தான் தேறும். தாயிடமிருந்து பிரித்து நான்கு சுவருக்குள் வைத்தால் இதை யார் கற்றுக்கொடுப்பார்?

பெரம்பூர்: அது பயத்தின் அளவுதானே? பெரிய பயத்துக்கு ஒரு சத்தம், சின்னப் பயத்துக்கு ஒரு சத்தம்.

நல்ல சந்தேகம் சார். செய்ஃபார்த், சீனி, மார்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதையே சோதித்து 1980-இல் வெளியிட்டார்கள். எந்த எதிரியும் இல்லாத நேரத்தில் பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டார்கள். நீட்டினார்கள், குறுக்கினார்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். குரங்குகள் குரலின் வகையைப் பார்த்துத்தான் ஓடின. வெறும் பயம் என்றால் சத்தத்தின் அளவுக்கு ஏற்ப நடந்திருக்க வேண்டும்.

காசிமேடு: மேலே காத்தாடி பறந்தால் கத்துமா அக்கா?

செனகலில் இவற்றின் நெருங்கிய உறவான பச்சைக் குரங்குகளின் மேலே ட்ரோன் பறக்கவிட்டார்கள், ஆய்வு 2019-இல் வந்தது. அதுவரை ட்ரோனையே பார்த்திராத அவை கொடுத்த குரல், கிழக்கு ஆப்பிரிக்க வெர்வெட்டின் கழுகுக் குரலைப் போலவே இருந்தது. பிறகு ட்ரோனின் சத்தத்தை மட்டும் கேட்டாலும் வானத்தைப் பார்த்தன. அப்புறம் தம்பி, மாஞ்சா நூல் வேண்டாம். பறவைகளின் இறக்கையையும் மனிதர்களின் கழுத்தையும் அறுக்கிறது.

பெரம்பூர்: பார்த்தீர்களா, குரல் பிறவியிலேயே இருக்கிறது! இதைப் போய்ப் பேச்சு என்கிறீர்களே?

பேச்சு என்று நான் எங்கும் சொல்லவில்லை. குரலின் வடிவம் பிறவியில் வருகிறது, அதில் நீங்கள் சொல்வது சரி. எதற்கு அதை எழுப்புவது, கேட்டால் என்ன செய்வது என்பதில் கற்றலுக்குப் பெரிய பங்கு உண்டு. ட்ரோன் சத்தத்தை அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதும் அந்தக் கற்றல்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் சார், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

திருவொற்றியூர்: எங்கள் மொட்டை மாடிக்கு வருவதும் இதே இனமா?

இல்லை. அது நம் நாட்டுக் குரங்கு, தென்னிந்தியாவுக்கே உரியது. பிஸ்கட் போடாதீர்கள். பழகினால் கையிலிருந்து பறிக்கும், கடிக்கும்.

கொளத்தூர்: சின்னக் குட்டியாக இருந்தால் வளர்க்கலாமா?

கூடாது, ராயபுரத்துக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். நாட்டுக் குரங்கை வளர்ப்பது சட்டப்படியும் குற்றம்.

மணலி: கடித்துவிட்டால்?

உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

புளியந்தோப்பு: ஒரு ஜோடியாக வளர்த்தால் தனிமை தெரியாதே டீச்சர்?

வேண்டாம் அம்மா. பெண் வெர்வெட் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும், அம்மாவின் அந்தஸ்துதான் மகளுக்கும். ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். கூண்டுக்குள் இருக்கும் ஜோடிக்கு இந்த இரண்டுமே கிடையாது.