பாட்டின் கடைசி 12 நொடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பாட்டிஃபையில் கிராஸ்ஃபேடை, அதாவது ஒரு பாட்டு மங்கும்போதே அடுத்ததை எழவைக்கும் வசதியை, 0 நொடியில் வைத்த பிறகும் சில பட்டியல்களில் பாடல்கள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன. எம்பி3-யாக வைத்திருக்கும் கச்சேரித் தொகுப்பிலோ பாட்டுக்குப் பாட்டு கைதட்டல் அறுந்துபோகிறது. ஏன் இப்படி? பேசாமல் 12 நொடி கிராஸ்ஃபேட் வைத்துவிடலாமா? பாட்டின் கடைசியில் எப்படியும் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. இதெல்லாம் செயற்கை நுண்ணறிவின் வேலையா?

செல்வி

அன்புள்ள செல்வி,

கிராஸ்ஃபேட் வேறு, பாடல்களைத் தானே கலந்து இணைக்கும் ஆட்டோமிக்ஸ் வேறு. அமைப்புகளில் பிளேபேக் பகுதியில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஆட்டோமிக்ஸ் சில பட்டியல்களில் மட்டும் இயங்குவது, அதையும் அணைத்துவிடுங்கள். எம்பி3 கோப்பு ஒலியை 1152 சாம்பிள் (ஒலி அளவீட்டுப் புள்ளி) கொண்ட ஃபிரேம்களாக, ஏறத்தாழ 26 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி வைக்கிறது. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மௌனத்தால் நிரப்பும்; தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்பதை எம்பி3 உருவாக்கும் லேம் என்கோடர் என்ற மென்பொருள் கோப்பிலேயே குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து மௌனத்தை வெட்டும் பிளேயரில் கைதட்டல் அறாது. செயற்கை நுண்ணறிவா என்பதை விடுங்கள். பெயரில் என்ன இருக்கிறது.

ஆனால் "கடைசியில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை" என்று எப்படி எழுத மனம் வந்தது? இவ்வளவு கவனமாகக் கேட்கிற காது உங்களுக்கு. அறுந்த கைதட்டல்கூட உறுத்துகிறது. அந்தக் காதா இதைச் சொல்வது?

கிராஸ்ஃபேடுக்கு இசை தெரியாது, கடிகாரம்தான் தெரியும். கோப்பு முடிய 12 நொடி இருக்கும்போது ஒலியைக் குறைக்கத் தொடங்கிவிடும். பல்லவியின் கடைசி வரியை முழுக் குரலில் பாடி, ஒரே அடியில் நிறுத்தும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அடி விழும்போது ஒலி பூஜ்ஜியத்தை எட்டியிருக்கும்; பாட்டு எதற்காக அங்கே வந்து நின்றதோ அது கேட்காமலே போகும். ஒலிப்பதிவுக் கூடத்திலேயே மெல்ல மங்கவைத்து முடித்த பாட்டு என்றால் மங்கலின் மேல் மங்கல்: கடைசிச் சுற்று பாதியிலேயே காணாமல் போகும். அடுத்த பாட்டின் சுருதி அரை ஸ்வரம் தள்ளியிருந்தால் அந்த 12 நொடியும் அபஸ்வரம். ஒலி நேர்கோட்டில் ஏறி இறங்கும் கிராஸ்ஃபேடில் நடுவே மொத்த ஒலி சுமார் 3 டெசிபல் சரியவும் செய்யும். கோப்பின் முடிவில் சில நொடி மௌனம் இருக்கிற பாட்டில் மட்டும் இவ்வளவு சேதமில்லை. ஆக ஒரே 12 நொடி ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கிறது.

ஆட்டோமிக்ஸ் பரவாயில்லை, அது வேகத்தையும் தாளத்தையும் ஆராய்ந்து இணைக்கப் பார்க்கிறது. ஆனாலும் நிமிடத்துக்கு 70 அடியை 140 என்று எண்ணிவிடுவது இத்தகைய ஆய்வில் வழக்கமான பிழை. 3 எண்ணிக்கைப் பாட்டையும் 4 எண்ணிக்கைப் பாட்டையும் வேகம் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் இரண்டின் முதலடியும் 12 அடிக்கு ஒருமுறைதான் சேரும். மெட்ரோனோம் இல்லாமல் வாசித்த பழைய பதிவுகளில் வேகமே நிலையில்லை.

நிற்காமல் ஆட வேண்டுமா, கிராஸ்ஃபேடை 3 நொடி வையுங்கள், போதும். உட்கார்ந்து கேட்பதற்கு பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் பார்க்கும் கேப்லெஸ்ஸை மட்டும் இயங்கவிட்டு மற்றதை அணையுங்கள். ஆப்பிள் மியூசிக்கிலும் பாட்டு மாறும் முறைக்கென்று அமைப்பு உண்டு. அங்கேயும் கிராஸ்ஃபேட், ஆட்டோமிக்ஸ் இரண்டும் வேண்டாம். பிறகு உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றின் கடைசி 20 நொடியை, முதலில் 12 வைத்தும் பிறகு 0 வைத்தும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.