ஒரு நாட்டின் தேர்தல் முடிவை மற்ற நாடுகள் ஏற்க மறுத்தால் நடைமுறையில் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஆட்சியாளர் நாற்காலியை விட்டு இறங்கமாட்டார். ஆனால் அவர் யாருக்குக் கடன்பட்டவர் ஆகிறார் என்பது மாறிவிடும். 2020 பெலாரஸ் தேர்தலைத் தொடர்ந்து கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்.

ஆகஸ்ட் 9 அன்று நடந்த தேர்தலில், 1994 முதல் அதிபராக இருக்கும் லூகாஷென்கோ 80 சதவீத வாக்குகள் பெற்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. எதிர்த்து நின்ற ஸ்வெட்லானா திகானோவ்ஸ்கயாவுக்கு 10 சதவீதமாம். கணவரைச் சிறையில் போட்டதால் அவருக்குப் பதிலாகப் போட்டியிட்டவர் அவர். இரண்டே நாளில் லிதுவேனியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. முடிவு மோசடி என்று தலைநகர் மின்ஸ்க் தெருக்களில் மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள், ஆயிரக்கணக்கில் கைதானார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முடிவை ஏற்கவில்லை. லூகாஷென்கோ செப்டம்பர் 23 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் பதவியேற்றுக்கொண்டார்.

அதுவரை அவர் ரஷ்யாவிடமும் மேற்கு நாடுகளிடமும் மாறி மாறிப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர். அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பாம்பியோ மின்ஸ்க் வந்து போனார். ரஷ்யாவோடு எண்ணெய் விலையில் தகராறு என்றதும் லூகாஷென்கோ நார்வேயிலிருந்து எண்ணெய் வாங்கினார். தேர்தலுக்குச் சில நாள் முன்புகூட, கலகம் செய்ய வந்த கூலிப்படை என்று 33 ரஷ்யர்களைக் கைது செய்தார். தேர்தல் முடிந்த அதே வாரத்தில் அவர்களில் 32 பேரை ரஷ்யாவுக்கே அனுப்பிவைத்தார். அடுத்த மாதம் ரஷ்யாவின் சோச்சி நகரில் புதின் அவருக்கு 150 கோடி டாலர் கடன் அறிவித்தார்.

அந்த முக்கியமான வாரங்களில் ஐரோப்பா என்ன செய்துகொண்டிருந்தது? துருக்கி மீதும் தடை விதித்தால்தான் பெலாரஸ் மீதான தடைகளுக்குச் சம்மதிப்பேன் என்று ஒன்றிய உறுப்பு நாடான சைப்ரஸ் முட்டுக்கட்டை போட்டது. அக்டோபரில் வந்த முதல் தடைப்பட்டியலில் லூகாஷென்கோ பெயரே இல்லை, நவம்பரில்தான் சேர்த்தார்கள். எனக்குப் பெரிய ஆதங்கம் இதில்தான். முடிவை ஏற்க மறுத்தது சரி. மறுத்த பிறகு இவ்வளவு மெதுவாக நகர்ந்ததை மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் எல்லாம் கைமீறிப் போனது. 2021 மே மாதம், ஏதென்ஸிலிருந்து லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ் போன ரயன்ஏர் விமானத்தை மின்ஸ்கில் இறக்கி ஒரு பத்திரிகையாளரைக் கைது செய்தார்கள். பதிலுக்கு ஐரோப்பிய வான்வெளி பெலாரஸ் விமானங்களுக்கு மூடப்பட்டது. உரமாகப் பயன்படும் பொட்டாஷின் ஏற்றுமதிக்கும் தடைகள் வந்தன. பொட்டாஷுக்கு வெளிநாடுகளையே நம்பியிருக்கும் இந்தியாவுக்கு பெலாரஸ் முக்கியமான விற்பனையாளர், அதனால் இங்கும் அதன் வலி தெரிந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் பெலாரஸ் மண் வழியாகத்தான் உக்ரைன் தலைநகர் கீவ் நோக்கிப் போயின. முடியாது என்று சொல்லும் நிலையில் லூகாஷென்கோ அப்போது இல்லை.

2025 ஜூனில் அமெரிக்கச் சிறப்புத் தூதர் ஒருவர் மின்ஸ்க் போய்ப் பேசியதையடுத்து ஸ்வெட்லானாவின் கணவர் விடுதலையானார். ஏற்காத அதிபரோடு பேச்சு எதற்கு என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனாலும் ஐந்து வருடம் அப்பாவைப் பார்க்காத பிள்ளைகளை நினைத்தால், பேசியதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.