பகடிக்குப் பாட்டு எதற்கு?

கேள்வி: பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் அரசியல் பகடித் தொடர்களில் இசைக்கு இவ்வளவு இடம் தருகிறார்களே, வசனம் மட்டும் போதாதா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: போதாது என்றே கருதுகிறேன். நம் கொங்குப் பகுதித் தெருக்கூத்தில் புராணக் கதைக்கு நடுவே கோமாளி ஊர் நடப்பைப் பாட்டாக இழுத்துவிடும்போது, பேச்சாகச் சொன்னால் முகம் சுளித்திருக்கக்கூடிய பெரியவர்களும் சிரித்துக்கொண்டே கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டுக்கு அந்தச் சலுகை எங்கும் உண்டு.

1962-இல் பிபிசி தொடங்கிய ‘தட் வாஸ் தி வீக் தட் வாஸ்’ நிகழ்ச்சியில் மில்லிசென்ட் மார்ட்டின் பாடிய தொடக்கப் பாடலின் வரிகள், அந்தந்த வாரச் செய்திகளுக்கேற்பப் புதிதாக எழுதப்பட்டன. 1984-இல் ஐடிவி தொலைக்காட்சியில் வந்த ‘ஸ்பிட்டிங் இமேஜ்’, மார்கரெட் தாட்சர் முதலிய தலைவர்களை ரப்பர் பொம்மைகளாக்கியதுடன், பாடல்களையும் கேலிக்குப் பயன்படுத்தியது. அதன் ‘சிக்கன் சாங்’ 1986-இல் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் அது அரசியல் பாட்டு அல்ல, விடுமுறைக் காலக் களியாட்டப் பாடல்களைப் பகடி செய்தது.

நான் மிகவும் மதிப்பது 1980-இல் தொடங்கிய ‘எஸ் மினிஸ்டர்’ தொடரின் முகப்பிசையைத்தான். ரோனி ஹேசல்ஹர்ஸ்ட், லண்டன் நாடாளுமன்றக் கோபுரக் கடிகாரத்தின் மணியோசையையே அடிப்படையாகக் கொண்டு அதை அமைத்தார். ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அமைச்சர்கள் வந்து போக, அதிகாரிகளின் நிர்வாகம் மட்டும் கடிகாரம்போல் அசையாமல் ஓடிக்கொண்டிருப்பதை, முகப்பில் வரும் ஜெரால்ட் ஸ்கார்ஃபின் கேலிச்சித்திரங்களோடு சேர்ந்து, கதை தொடங்குமுன்பே அந்த இசை உணர்த்திவிடுகிறது.