கதைப் புத்தகத்தை வைத்து வேதபாடம் நடத்தலாமா?

கேள்வி: எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் வேதபாடம் என்றாலே பாதிப் பேர் வருவதில்லை. ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' கதையை வைத்து ஆறு வாரம் நடத்தலாம் என்று நினைக்கிறேன். "வேதத்தின் இடத்தில் கதையை வைப்பதா?" என்று மூப்பர் ஒருவர் கேட்கிறார். நடத்தலாமா? எப்படி?

பதில்: தாராளமாக நடத்தலாம். ஆனால் மூப்பர் கேட்டதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. நல்ல கதை மனதில் ஆழமாக உட்கார்ந்துகொள்ளும். எது வசனம், எது கற்பனை என்பது நாளடைவில் மறந்துபோகும். மகதலேனா மரியாள் விபசாரியாக இருந்தவள் என்று பலர் இன்றும் அடித்துச் சொல்வார்கள். லூக்கா 8:2-இல் இருப்பதோ, ஏழு பிசாசுகள் அவளை விட்டு நீங்கின என்பது மட்டும்தான். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்பதும் அப்படித்தான், மத்தேயு எண்ணிக்கையே சொல்லவில்லை.

அதே சமயம் 2 சாமுவேல் 12-ஐ மூப்பரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லித்தான் நாத்தான் தீர்க்கதரிசி, பாவம் செய்திருந்த தாவீது ராஜாவின் மனதைத் திறந்தார். ஆனால் கதையோடு நிறுத்தவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்றார், கர்த்தருடைய வார்த்தையை நேராகச் சொன்னார். உங்கள் கூட்டத்திலும் கதைக்கு அந்த வேலை போதும். அது கேள்வியை எழுப்பட்டும், பதிலை வசனத்தில் தேடுங்கள்.

புத்தகத் தேர்வு நல்லது. முதுகில் பாவப் பாரத்தோடு மோட்சத்தை நோக்கி நடக்கும் கிறிஸ்தியான் என்பவனின் உருவகக் கதை அது. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காகப் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர் பனியன். 1678-இல் வெளிவந்த இந்தப் புத்தகத்தின் பக்க ஓரங்களில் வசனக் குறிப்புகளையும் கொடுத்திருந்தார். சுருக்கப் பதிப்புகளில் இவை பெரும்பாலும் விடுபட்டுப்போகும், ஆகவே குறிப்புகள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். கவிதை ரசிக்கும் பெரியவர்கள் சபையில் இருந்தால், இதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிக'த்திலிருந்து (1894) சில பாடல்களைப் பாடச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்தை எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம். சந்தேகக் கோட்டைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதை கரடுமுரடாக இருக்கிறதென்று கிறிஸ்தியானும் அவன் நண்பனும் பக்கத்துப் புல்வெளியில் இறங்கி நடக்கிறார்கள். விரக்தி என்ற ராட்சதன் பிடித்துக் கோட்டையில் அடைக்கிறான். புதன் காலையிலிருந்து சனி இரவு வரை அன்னம் தண்ணீர் இல்லை. சனி நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் நேரத்தில்தான் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது, வாக்குத்தத்தம் என்ற சாவி இத்தனை நாளும் தன் மடியிலேயே இருந்தது! இந்தப் பகுதியைப் பத்து நிமிடம் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

இப்போது கேளுங்கள்: இவர்கள் வழி தவறியதால் விரக்தியில் விழுந்தார்கள். சோர்வு எப்போதும் தவறு செய்ததால்தான் வருகிறதா? 1 இராஜாக்கள் 19-இல் எலியா கீழ்ப்படிந்து ஊழியம் செய்த பிறகுதான் சாகவேண்டும் என்று கேட்கிறார், தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும். 2 கொரிந்தியர் 1:8-இல் பவுல், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக எழுதுகிறார். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அங்கே எந்தக் கதவும் திறக்கவில்லை. இவற்றைத் துண்டு வசனங்களாக எடுக்காமல் முழுப் பகுதியாக வாசித்தால், பனியன் காட்டியது உண்மையின் ஒரு பக்கம்தான் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் பதில் சொல்லிவிடாமல் கொஞ்சம் காத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காட்சியில் ராட்சதன் இவர்களைத் தற்கொலை செய்துகொள்ளத் தூண்டுகிறான். முன்கூட்டியே போதகரிடம் சொல்லிவையுங்கள். கூட்டம் முடிந்து யாராவது தனியாக வந்து பேசினால், ஜெபித்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வீட்டாரிடமும் மருத்துவரிடமும் போய்ச் சேரும்வரை கூடவே இருங்கள்.

மற்ற வாரங்கள் சுலபம். வழிமறிக்கும் அப்பொல்லியோன் என்ற பிசாசோடு கிறிஸ்தியான் போடும் சண்டைக்கு எபேசியர் 6-ஐயும் மீகா 7:8-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள். உலக ஆசைகளை விற்கும் மாயச் சந்தைக் காட்சிக்குப் பிரசங்கி முதல் இரண்டு அதிகாரங்கள் போதும்.

பாரம் விழும் காட்சிக்கு மட்டும் ஒரு வாரம் முழுசாக வேண்டும். கிறிஸ்தியான் பயணத் தொடக்கத்தில் வரும் இடுக்கமான வாசலுக்குள் நுழைந்து வெகுதூரம் நடந்த பிறகுதான் சிலுவையருகே முதுகுப் பாரம் விழுகிறது. ஏன் முதலிலேயே விழவில்லை? இந்தப் புத்தகத்தை நூறு முறையாவது படித்ததாகச் சொன்ன ஆங்கிலப் பிரசங்கியார் ஸ்பர்ஜனே, கிறிஸ்தியானுக்கு முதலிலேயே சிலுவையைக் காட்டியிருக்க வேண்டும் என்று பிரசங்கித்திருக்கிறார். ரோமர் 5-ஐ வைத்து அந்த வாரப் பாடத்தை நடத்தித் தரும்படி உங்கள் மூப்பரையே கேட்டுப் பாருங்கள்.