வறுமையில், பொறுப்பில்லாத, விசித்திரமான பெற்றோரிடம் வளர்ந்தவர்கள் அவர்களை எப்படி மன்னித்தீர்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். "அவர்களும் பாவம், ஏழைகள், என்ன செய்வார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். இதே பேச்சைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். வீட்டுக்கு நீங்கள் மூத்தவர் என்றும், இப்போதுதான் கையில் சொந்தச் சம்பளம் வர ஆரம்பித்திருக்கிறது என்றும் நினைக்கிறேன். அதற்கு முன்னால் மன்னிப்பு, கோபம் என்று யோசிக்க நமக்கெல்லாம் நேரம் ஏது? அடுத்த வேளைச் சோற்றுக்கே யோசனை சரியாக இருக்கும்.

ஏழையாக இருப்பது வேறு, பெற்ற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, முதலாவதற்குக் கிடைக்கும் இரக்கத்தை இரண்டாவதற்கும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். நான் சொல்வது 1980களில். தெருவே ஏழைத் தெருதான். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள், குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. விடியும் முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், அதில் பிள்ளைகளும் இருப்பார்கள். அது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடுகளில் ராத்திரி அம்மா பிள்ளையின் தட்டைப் பார்ப்பாள், நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பாள். எங்கள் வீட்டில் அது இல்லை.

என் அப்பா பருத்தி மில்லில் கணக்கு எழுதியவர். நல்ல கையெழுத்து, நல்ல தமிழ். அவருக்கு ரசவாதப் பித்து பிடித்திருந்தது. பாதரசத்தைக் கட்டி மணியாக்க வேண்டும், செம்பைப் பொன்னாக்க வேண்டும். சித்தர் பாடல் புத்தகங்களை வைத்துக்கொண்டு, இந்த மூலிகைப் பெயருக்கு உள்ளர்த்தம் வேறு, அந்த உப்புக்கு வேறு என்று விடிய விடியக் குறிப்பெழுதுவார். அமாவாசை வந்தால் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி மலை ஏறிவிடுவார். எப்போது இறங்குவார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சம்பளம் துருசு, நவச்சாரம், கந்தகம், வெடியுப்பு என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போகும். மலையில் பழக்கமான ஒரு சாமியார், கொஞ்சம் பொன் சேர்த்தால்தான் பொன் விளையும் என்றார். அம்மாவின் தோடு அந்த ஆளோடு போயிற்று. பிறகு மில் வேலையும் போயிற்று. கடைசியில் ரேஷன் கார்டையே அடகு வைத்தார்.

திண்ணையில் துருத்தி வைத்து ஊதுவார். பாதரசம் சூடானால் ஆவியாகும். அந்த ஆவிக்கு மணம் கிடையாது, ஆனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதே திண்ணையில்தான் நாங்கள் படுத்துத் தூங்கினோம். பாதரச அணுவில் 80 புரோட்டான், தங்கத்தில் 79, அடுப்புத் தீயால் அந்த ஒன்றை எடுக்க முடியாது என்று பதினொன்றாம் வகுப்பு வேதியியல் படித்தபோது எனக்குப் புரிந்தது. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறாள் என்று யாரும் வந்துவிட வேண்டாம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் நானும் நிலவேம்புக் கஷாயம் கொடுப்பவள்தான். மருத்துவத்துக்கும் அப்பா செய்ததற்கும் சம்பந்தம் இல்லை.

அம்மா வசதியான வீட்டில் பிறந்தவர். அந்த வசதி போன பிறகும் அதை விடவில்லை. தெருக்குழாயில் குடம் வைத்து நிற்க மாட்டார், ரேஷன் கடை வரிசையில் நிற்க மாட்டார், தீப்பெட்டி ஒட்ட மாட்டார். "நம்ம குடும்பத்துல அப்படிப் பழக்கம் இல்ல" என்பார். பழக்கம் இல்லாத வேலை எல்லாம் எனக்கு வந்தது. அவர் பாயில் சாய்ந்துகொண்டு நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த நாவலைப் படிப்பார். அடுப்பு எரிந்ததா என்று கேட்க மாட்டார். எரியாவிட்டால் அவரும் பட்டினிதான் கிடப்பார், அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கு இதை மனச்சோர்வு நோய் என்று யாராவது சொல்லலாம். இருக்கலாம். நோய் என்றாலும் அதன் செலவைக் கட்டியது பிள்ளைகள்தானே?

என் தம்பி இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பொழுது சாய்ந்தால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்க ஆரம்பித்தான். படியில் விழுவான், சாப்பிடும்போது தட்டைத் தடவுவான். அம்மா, "கவனம் இல்ல, திமிரு" என்றார். அப்பா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். ஒரு சாயங்காலம் அடிகுழாய்ப் பக்கம் அவன் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் தம்பி ஏன் இப்படித் தடவித் தடவி நடக்கான்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "இது மாலைக்கண்ணு தாயி. வீட்டுல ஒருத்தரும் பாக்கலயா?" என்றார். அடுத்த நாள் சத்துணவு வேலை முடிந்ததும் அவரே அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். வைட்டமின் ஏ மருந்து கொடுத்தார்கள். சில நாளிலேயே அவன் கண் தெளிந்தது. இன்னும் விட்டிருந்தால் கருவிழி வறண்டு புண்ணாகிப் பார்வையே போயிருக்கும் என்று அங்கே இருந்த டாக்டர் அம்மா என்னிடம் சொன்னார். பெரியவர்கள் யாரும் கூட வராததால் என்னிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை கொடுக்கச் சொன்னார்கள். முருங்கை மரம் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து கீரை ஒடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் ஆய்ந்து சமைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். காசே தேவைப்படாத ஒன்று அது. என் தம்பிக்குக் கண் போகப் பார்த்ததை ஏழ்மையின் கணக்கில் யாராவது எழுதினால் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

அன்றிலிருந்து கீரை ஆய்வது என் வேலை ஆயிற்று. முட்டைக்கு எங்கே போவது? 1989இல் கலைஞர் ஆட்சியில் சத்துணவில் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். என் பங்கையும் தம்பிக்கே கொடுப்பேன். ஆயா அதைப் பார்த்துவிட்டு, "நீயும் தின்னு, நீயும் பிள்ளதான்" என்று அதட்டுவார். வீட்டில் யாரும் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

இங்கே கொஞ்சம் விலகிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கினார். அதற்கு முன்னால் காமராஜர் 1956லேயே மதிய உணவுக்கு வழி போட்டிருந்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்' என்று எழுதும் ஆட்களை இந்தத் தளத்திலேயே பார்க்கிறேன். நான் இலவசத்தில் உயிரோடு இருப்பவள். என் தம்பிக்குக் கண் தெரிவதும் இலவசத்தில்தான். அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டவர்களுக்கு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மற்ற அரசு ஊழியர்களைப் போல முழுமையான காலமுறை ஊதியம், அதாவது படிப்படியாக ஏறும் சம்பளம், கிடையாது. அதைக் கேட்டு அவர்கள் மறியல் செய்து கைதாகும் செய்தியைப் படித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எங்கள் ஆயா ஓய்வுபெறும்போது வாங்கிய தொகையைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. இலவசம் பற்றி மட்டும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அப்பா இறந்துவிட்டார். சாவு வீட்டில் சொந்தக்காரர்கள், "அவர் ஒரு சித்தர் மாதிரி, பணத்துல பற்றே இல்ல" என்றார்கள். செம்பைப் பொன்னாக்க ஆயுசையே செலவழித்தவருக்குப் பணத்தில் பற்று இல்லையாம். நான் எதுவும் பேசவில்லை, செய்ய வேண்டிய காரியங்களைச் செய்து முடித்தேன். அம்மா என்னோடு இருக்கிறார். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, கண் பரிசோதனை எல்லாம் நான் பார்த்துச் செய்கிறேன். மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. சோறு போடுவதற்கு மன்னிப்பு தேவைப்படவில்லை. ஒரு தடவை அம்மாவிடமே கேட்டேன், தம்பிக்குக் கண் தெரியாமல் போனது உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா என்று. "எனக்கு அப்ப எதுவுமே தெரியல" என்றார். பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். நம்பினாலும் மனசு ஆறவில்லை.

பெற்றவர்களைப் பொது இடத்தில் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு: பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளுக்கு 2007இல் சட்டம் வந்தது, அதைச் சொல்லி என்னை மிரட்டிய உறவினர்களும் உண்டு. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவில், தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பதும் குற்றம் என்று இருக்கிறது. அந்தப் பிரிவை நினைவுபடுத்தும் உறவினர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வீட்டில் 18 வயது ஆகாத தம்பி தங்கை இன்னும் இருந்தால், மன்னிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண், பல், ரத்தசோகை மூன்றையும் பாருங்கள். ரேஷன் கார்டு வீட்டில் இருக்கிறதா, வேறு யார் கையிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரிடமாவது வீட்டு நிலைமையைச் சொல்லி வையுங்கள். நிலைமை கை மீறினால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. எனக்கு அந்த வயதில் அப்படி ஒரு நம்பர் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.