அப்பாவுக்கு மாருதி, உங்களுக்கு மின்சார கார்

நண்பரே, ஓய்வுப் பணத்தில் வாங்கும் கார் மேனுவல் கியர் மாருதியாக இருக்கட்டும் என்கிறார் அப்பா, நீங்கள் பெரிய திரை வைத்த மின்சார கார்தான் என்கிறீர்கள், கடைசியில் அவரைப் 'பழைய காலத்து ஆள்' என்று சொல்லிவிட்டீர்கள். அந்தப் பேச்சை முதலில் விடுங்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை இங்கே அம்பாசடர், பிரீமியர் பத்மினி என்று விரல்விட்டு எண்ணும் வண்டிகள்தான், அதற்கும் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் வளர்ந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீடு கட்டியவர் மைலேஜ் எவ்வளவு, பக்கத்தில் மெக்கானிக் உண்டா, விற்றால் என்ன போகும் என்றுதான் கேட்பார். மாதத் தவணையில் போன் மாற்றிப் பழகிய நமக்கு அந்தக் கேள்விகளே தோன்றுவதில்லை.

திரை விஷயத்தில் நான் அப்பா பக்கம். ஏசியைக் குறைக்க ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து மெனுவுக்குள் தேட வேண்டும், திருகும் குமிழ் என்றால் கை தானாகப் போகும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பே 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பருக்குத் தனி சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மதிப்பெண் தருகிறது.

ஆனால் சொந்த வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் மின்சார காரின் ஓட்டச் செலவு ரொம்பக் குறைவு, கிளட்ச் மிதிக்கும் வேலையும் இல்லை, முட்டிவலிக்காரருக்கு அது பெரிய விஷயம். சரி, அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஷோரூம் வாசலில் ஒரு சுற்று இல்லை, சாயங்கால நெரிசலில். அப்புறம் முடிவு அவருடையது, பணம் அவருடையதுதானே. தினமும் எவ்வளவு தூரம் ஓடும் என்று எழுதுங்கள், மாடல் பற்றிப் பேசலாம்.