கணினிக் கேள்வி பதில்: ஒரே அட்டவணை போதாதா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய நூலகத்தின் இரவல் விவரமெல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கிறது. நோமலைசேஷன் (ஒரே விவரம் திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணைகளாகப் பிரிப்பது) செய்யத்தான் வேண்டுமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: கட்டாயம் செய்யுங்கள், தங்கச்சி. ஓர் அங்கத்தவர் பத்துப் புத்தகம் எடுத்தால் அவர் முகவரி பத்து நிரைகளில் கிடக்கும். அவர் நல்லூருக்கு வீடு மாறும்போது ஒரு நிரை திருத்தாமல் தப்பிவிட்டால், எது சரியென்று பிறகு யாருக்குத் தெரியும்? இதைவிட எனக்குக் கவலை தருவது அழிப்பதுதான். ஒருவரின் ஒரேயொரு இரவல் பதிவை நீக்கினால் அவருடைய தொலைபேசி எண்ணும் சேர்ந்தே போய்விடும். இன்னும் யாரும் எடுக்காத புதுப் புத்தகத்தைப் பதியவும் வழியில்லை.

அங்கத்தவர், புத்தகம், இரவல் என்று மூன்றாகப் பிரியுங்கள். இரவலில் அங்கத்தவர் இலக்கம், புத்தக இலக்கம், திகதிகள் இருந்தால் சரி. ஒவ்வொரு பிரதிக்கும் தனி இலக்கம் கொடுங்கள். ஐபிஎம்மில் இருந்த எட்கர் கொட் 1970இல் தொடக்கிவைத்த சிந்தனை இது; 1971இல் மூன்றாம் நோமல் வடிவத்தையும் (அட்டவணையின் மற்ற விவரமெல்லாம் அதன் அடையாள இலக்கத்தை மட்டுமே நேரடியாகச் சார்ந்திருக்கும் நிலை) வரையறுத்தார். உங்கள் நூலகத்துக்கு அதுவரை போனால் போதும்.

ஆனால் கட்டிய தண்டப்பணத்தை இரவல் அட்டவணையிலேயே வையுங்கள். நாளைக்குத் தண்ட வீதம் கூடினாலும் அன்று வாங்கிய தொகை மாறக்கூடாது.